பசிபிக் தீவுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே டிவி சேனல் போதாதா?

நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "நியுவே என்று ஒரு நாடு, மொத்த ஜனத்தொகையே 2,000-க்குள். துவாலுவில் 11,000 பேர், நவ்ருவில் 12,000 பேர். நம் ஊரில் ஒரு வார்டு அளவு. இவர்களுக்கு எதற்குத் தனித்தனி டிவி நிலையம்? ஆஸ்திரேலியாவோ நியூசிலாந்தோ செயற்கைக்கோள் வழியாக ஒரே சேனலை எல்லாத் தீவுக்கும் அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததே? இப்போது இன்டர்நெட் வேறு இருக்கிறது."

செயற்கைக்கோள் ஒளிபரப்புதான் என் தொழில். அதில் சில ஆண்டுகள் பிஜியின் தலைநகர் சுவாவில் கழிந்தன. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: உங்கள் கேள்வியில் பாதி சரி. தீவுகளுக்குப் படத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்று தீர்க்கக்கூடிய பிரச்சினைதான். ஆனால் யாருடைய படம், யார் மொழியில், நாளைக்கு நிறுத்துவதென்றால் அதை யார் முடிவு செய்வார்கள் என்பதெல்லாம் தீரவில்லை. ஒரே சேனல் என்ற யோசனை அங்கேதான் உடைகிறது.

முதலில் தூரத்தைப் பார்த்துவிடுவோம். கிரிபாட்டி என்று எழுதி கிரிபாஸ் என்று சொல்லும் நாடு ஒன்று இருக்கிறது. 33 தீவுகள். நிலத்தையெல்லாம் கூட்டினால் 811 சதுர கிலோமீட்டர். அவை சிதறிக் கிடக்கும் கடலோ 35 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவின் பரப்பைவிடக் கொஞ்சம் அதிகம். தலைநகர் தராவாவிலிருந்து அதே நாட்டைச் சேர்ந்த கிறிஸ்துமஸ் தீவுக்கு 3,200 கிலோமீட்டருக்கு மேல். பெரும்பாலும் பவளத் தீவுகள். தரை கடலுக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர்தான். அங்கே 60 மீட்டர் கோபுரம் நட்டு டிரான்ஸ்மிட்டர் வைத்தால், முப்பது நாற்பது கிலோமீட்டரில் பூமியின் வளைவு அலையை மறைத்துவிடும். ஒரு தீவுக்குக் காட்டலாம். நாட்டுக்குக் காட்ட முடியாது.

பிஜியில் இதற்கு நேர்மாறான தொல்லை, மலை. பெரிய தீவான வித்தி லெவுவின் நடுவில் 1,324 மீட்டர் வரை உயர்கிறது நிலம். சுவாவில் பளிச்சென்று தெரியும் படம் மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குக் கிராமத்தில் வெறும் புள்ளிமழைதான்.

ஆகவே செயற்கைக்கோள். ஆனால் அதையும் வெறுமனே "மேலேயிருந்து அனுப்பினால் போதும்" என்று சொல்லிவிட முடியாது. சுவாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. நம் மொட்டைமாடிகளில் இருக்கிற மாதிரிச் சின்ன டிஷ்ஷுக்கு ஏற்ற கேயு பேண்ட் அலைகளைக் கனமழை உறிஞ்சிவிடும். படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். மழை எப்படிப் பெய்தாலும் ஊட்டம், அதாவது மேலேயிருந்து வரும் நிகழ்ச்சி ஓட்டம், அறுந்துபோகாமல் இருக்க வேண்டுமென்றால் சி பேண்ட், அதற்குப் பெரிய டிஷ், அதைத் தாங்கச் சிமெண்ட் மேடை, புயலில் பறந்துவிடாமல் இழுத்துக்கட்ட எஃகுக் கம்பி. இத்தனையும் கப்பலில் வர வேண்டும்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் எனக்கு அந்த ஊரைப் புரியவைத்த விஷயம். அந்தப் பகுதிக்கு ஊட்டம் தரும் செயற்கைக்கோள்களில் சில 180 பாகை தீர்க்கரேகையில், கிட்டத்தட்டத் தலைக்கு நேரே நிற்கின்றன. சுவாவில் அதைப் பார்க்க டிஷ்ஷை ஏறத்தாழ 69 பாகை நிமிர்த்த வேண்டும். தராவாவில் 80 பாகைக்கும் மேல். அதாவது டிஷ், வானத்தைப் பார்த்து வைத்த தாம்பாளம் மாதிரி மல்லாந்து கிடக்கும். வெளித்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் சிக்னல் விழுந்துவிடுகிறது என்று தகவல் வந்தது. ரிசீவர், கேபிள், டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கும் எல்.என்.பி. எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்த்தேன். என்னோடு வந்த பிஜிய டெக்னீஷியன் ஒன்றும் பேசாமல் ஏணி வைத்து ஏறி உள்ளே காட்டினார். டிஷ்ஷின் அடியில் நாலு விரற்கடை மழைத்தண்ணீர் தேங்கி நின்றது, மேலே ஒரு சீமைப்பலா இலை மிதந்துகொண்டிருந்தது. தண்ணீரை இறைத்துவிட்டு, அதே இடத்தில் துளைபோடும் மெஷினால் ஒரு ஓட்டை போட்டார். அதன் பிறகு அந்தப் பள்ளியிலிருந்து புகாரே இல்லை. அதற்கப்புறம் நான் தீவுக்குக் கிளம்பும் பெட்டியில் அந்த மெஷினும், உப்புக்காற்றில் பச்சை பூத்துப்போகும் கனெக்டர்களின் மேல் சுற்ற ரப்பர் டேப்பும் கட்டாயம் இருக்கும்.

சூரியனும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்தச் சில நிமிடங்கள் டிஷ்ஷில் சூரியனின் இரைச்சல்தான் விழும், படம் போய்விடும். நம் ஊரில் இது மார்ச் முதல் பாதியிலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் வரும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் பிஜியில் மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும், உச்சி வேளையில் வரும். விவரம் தெரிந்த நிலையம் முன்கூட்டியே உள்ளூரில் பதிவு செய்த நிகழ்ச்சி ஒன்றை அந்த நேரத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளும்.

பொறியியலை இத்தோடு விடுகிறேன். இனி நிஜமான விஷயத்துக்கு வருவோம்.

ஒரே இடத்திலிருந்து எல்லாத் தீவுக்கும் பாடம் நடத்திவிடலாம் என்ற எண்ணத்தை ஒருவர் உண்மையிலேயே செய்து பார்த்திருக்கிறார். இடம் அமெரிக்க சமோவா, அமெரிக்காவின் ஆட்சியில் இருக்கும் பசிபிக் தீவுகள். எழுதுவது பாகோ பாகோ, சொல்வது பாங்கோ பாங்கோ, அதுதான் தலைநகர். 1961-ல் அமெரிக்க இதழ் ஒன்று, அந்தத் தீவுகளின் பள்ளிக்கூடங்கள் கிடக்கும் நிலை நாட்டுக்கே அவமானம் என்று எழுதியது. அந்த ஆண்டே எச். ரெக்ஸ் லீ ஆளுநராக வந்தார். தகுதியான ஆசிரியர்களை நூற்றுக்கணக்கில் கொண்டுவர முடியாது, கொஞ்சம் பேரைக் கொண்டுவந்து டிவியில் நிறுத்துவோம் என்று முடிவு செய்தார். 1964 அக்டோபரில் கே.வி.இசட்.கே. நிலையம் தொடங்கியது. சில பத்தாயிரம் பேர் வாழும் தீவுக்கு ஆறு சேனல்கள்! ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே சமயத்தில் வேறு வேறு பாடம் ஓட வேண்டுமே, அதற்குத்தான் ஆறு. டிரான்ஸ்மிட்டரை ஆலவா மலையின் உச்சியில், கடல் மட்டத்துக்கு 491 மீட்டர் மேலே வைத்தார்கள். அங்கே சாலை கிடையாது. துறைமுகத்தின் இந்தக் கரையிலிருந்து அந்த மலைக்கு, தண்ணீருக்கு மேலாக ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி இழுத்து, அதில் ஊர்ந்துபோகும் பெட்டியில்தான் ஆளும் சாமானும் போயின.

தொடக்கத்தில் எல்லோருக்கும் பெருமை. 1966-ல் அதிபர் லிண்டன் ஜான்சனே வந்து பார்த்துப் பாராட்டினார். ஆனால் வகுப்பறையில் என்ன நடந்தது? டிவி மணி பார்த்துப் பாடத்தைத் தொடங்கும், மணி பார்த்து முடிக்கும். பின்வரிசைப் பையன் புரியாமல் விழித்தாலும் திரையில் இருப்பவருக்குத் தெரியாது. எதிரே நிற்கும் சமோவா ஆசிரியரோ, பாடத்துக்கு முன்னும் பின்னும் சொன்னதைச் செய்யும் உதவியாளர் ஆகிவிட்டார். மேல்வகுப்பு மாணவர்களும் ஆசிரியர்களும்தான் முதலில் முகம் சுளித்தார்கள். 1970-களின் நடுவுக்குள் பாடம் ஓடும் நேரம் பாதியாகி, கால்பங்காகிக் கரைந்துவிட்டது. எது மிஞ்சியது தெரியுமா? மாலையில் பொழுதுபோக்குக்காகப் போட்ட அமெரிக்கத் தொடர்கள். அவைதான் நிலைத்தன. கடல் தாண்டி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் மேற்கு சமோவாவிலும் (சுதந்திர நாடு, இன்று வெறும் சமோவா) உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டிக் கிழக்கே திருப்பி அதையே பார்த்தார்கள். சுதந்திர சமோவாவுக்குச் சொந்த டிவி 1993-ல்தான் வந்தது; அதற்குள் ஒரு தலைமுறை அடுத்த நாட்டின் சோப்பு விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்துவிட்டது.

அந்தக் கம்பிக்கு ஒரு சோகமான பின்கதையும் உண்டு. 1980 ஏப்ரல் 17, கொடி நாள் விழா. வான்குடை வீரர்களை இறக்கிவிட்டுத் திரும்பிய அமெரிக்கக் கடற்படை விமானத்தின் வால் அந்தக் கம்பியில் மாட்டியது. விமானம் கரையோர ஓட்டலின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 6 பேரும் தரையில் 2 பேரும் இறந்தார்கள்.

பிஜியின் கதை வேறு. அங்கே 1991 வரை டிவியே இல்லை. 1980-களில் வீட்டுக்கு வீடு வி.சி.ஆர். இருந்தது, கடைக்குக் கடை கேசட் வாடகை இருந்தது. ஒளிபரப்பு மட்டும் இல்லை. ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றோடு நடந்த ஏற்பாடு 1987 ராணுவப் புரட்சியோடு போனது. கடைசியில் டிவியைக் கொண்டுவந்தது ரக்பி. 1991 அக்டோபரில் ரக்பி உலகக் கோப்பையைக் காட்ட நியூசிலாந்து உதவியோடு தற்காலிகமாகப் போட்ட ஏற்பாடுதான் பிற்பாடு நிரந்தர நிலையமானது. குக் தீவுகளும் நியுவேயும் 1989-லேயே தொடங்கிவிட்டன. அங்கெல்லாம் நியூசிலாந்து நிகழ்ச்சிகள் நாடாக்களாக விமானத்தில் வந்து இறங்கும். டோங்காவின் அரசு டிவி 2000-ல் வந்தது.

டிவி புதிதாக வந்து இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பிஜியில் ஓர் ஆய்வே இருக்கிறது. ஹார்வர்டின் ஆன் பெக்கர், நாண்ட்ரோங்கா பகுதியில் 1995-ல் டிவி வந்த சில வாரங்களில் பள்ளி மாணவிகளைச் சந்தித்தார். 1998-ல் மறுபடி அதே பகுதியில் அதே வயதுப் பெண்களைச் சந்தித்தார். பிஜியில் வாட்டசாட்டமாக இருப்பதுதான் அழகு, வீட்டுக்கு வந்தவரை வயிறு நிறையச் சாப்பிட வைப்பதுதான் மரியாதை. அப்படிப்பட்ட ஊரில், சாப்பாட்டைப் பற்றிய மனக்கோளாறைக் காட்டும் மதிப்பெண் பெற்ற பெண்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகிவிட்டார்கள். உடம்பு குறையத் தாமாகவே வாந்தி எடுத்ததாகச் சொன்னவர்கள் 1995-ல் ஒருவரும் இல்லை, 1998-ல் 11.3 சதவீதம். ஒவ்வொரு முறையும் அறுபதுக்குக் கொஞ்சம் கூடுதலான பெண்கள்தான், அதுவும் வேறு வேறு பெண்கள். ஆகவே எல்லாப் பழியையும் பெட்டியின் மேல் போட மாட்டேன். ஆனால் திரையில் வந்த உடம்பு எதுவும் நாண்ட்ரோங்காக்காரர் உடம்பு இல்லை என்பதை மட்டும் மறக்க முடியவில்லை. அன்று ஓடியவை பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் தொடர்கள்.

மொழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நம் ஆட்களும் வருகிறார்கள். 1879 முதல் 1916 வரை கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குப் போன அறுபதாயிரத்துச் சொச்சம் பேரில், 1903-க்குப் பிறகு மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். பிஜியின் நாண்டி நகரில் சிவசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. 1926-ல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிகள் நடத்துகிறது. ஆனால் அவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் பேசுவது பிஜி ஹிந்தி. அது மும்பைத் தொடர்களில் வரும் ஹிந்தி அல்ல. போஜ்புரியும் அவதியும் கலந்து, பிஜிய மொழிச் சொற்களும் ஆங்கிலமும் ஏறி, அந்த மண்ணிலேயே விளைந்த பேச்சு. செயற்கைக்கோளில் நாள் முழுக்க ஹிந்தி வரும். அம்மா சமையலறையில் பேசுகிற ஹிந்தி மட்டும் வராது. அதைத் திரையில் கேட்க வேண்டுமென்றால் சுவாவில் யாராவது கேமராவைத் தூக்க வேண்டும். சமோவா மொழிக்கும் டோங்கா மொழிக்கும் வனுவாட்டுவின் பிஸ்லாமாவுக்கும் இதே கதைதான். உங்கள் ஒரே சேனல் எந்த மொழியில் செய்தி வாசிக்கும்?

எந்த நாளின் செய்தியை வாசிக்கும் என்றும் கேட்கலாம். சமோவா 2011 டிசம்பர் 30 என்ற நாளையே விட்டுவிட்டுத் தேதிக்கோட்டின் மறுபக்கம் போனது. பக்கத்து அமெரிக்க சமோவா போகவில்லை. நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் இடைவெளியில் ஒரு பக்கம் ஞாயிறு, மறுபக்கம் சனி.

இனி, சேனலை யார் தருவது என்ற கேள்வி. ஆஸ்திரேலியாவின் கணக்கை மட்டும் பாருங்கள். 1993-ல் வட்டாரத்துக்கென ஒரு டிவி சேவை தொடங்கினார்கள். 1998-ல் அது தனியார் கைக்குப் போனது, 2001-ல் மூடப்பட்டது. பிறகு வேறு பெயரில் தொடங்கி, பெயர் மாறி, 2014-ல் அரசு பணத்தை நிறுத்தியதும் சுருங்கியது. 2017 ஜனவரி கடைசியில் ஆஸ்திரேலியப் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசியின் சிற்றலை வானொலியும் நின்றது; கைவிட்ட அலைவரிசைகளில் சிலவற்றைச் சீன வானொலி எடுத்துக்கொண்டது. உடனே கவலை பிறந்து, மூன்று ஆண்டுகளுக்கு 1.71 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கி அந்நாட்டுத் தனியார் சேனல்களின் தொடர்களைத் தீவு நிலையங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். இந்த முடிவுகளில் ஒன்றுகூடத் தீவுகளில் எடுத்ததில்லை. கான்பெராவில் பட்ஜெட் மாறினால் தராவாவில் திரை மாறும். பெய்ஜிங் தரும் இலவசச் சேனலுக்கும் நான் சொல்வது இதுதான்: கொடுப்பவர் கெட்டவர் என்பதற்காக அல்ல, நிறுத்தும் விசை அவர் கையில் இருக்கிறது என்பதற்காகத்தான் கவலைப்படுகிறேன்.

நியூசிலாந்து 2016-ல் தொடங்கிய பசிஃபிகா டிவி எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆக்லாந்திலிருந்து ஒரு ஊட்டம் செயற்கைக்கோள் வழியாகப் போகும். அதை நேராக வீடுகளுக்குக் கொட்டாமல், அந்தந்த நாட்டு நிலையத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நிலையம் வேண்டியதை எடுத்துக்கொள்ளும், வேண்டாததை விட்டுவிடும், செய்தி நேரத்தில் தன் செய்தியைப் போடும். தீவுகளில் எடுத்த நிகழ்ச்சிகளும் அதே வழியில் மற்றத் தீவுகளுக்குப் போகின்றன. நீங்கள் சொல்லும் ஒரே செயற்கைக்கோள் இதிலும் இருக்கிறது; முடிவு மட்டும் அவரவர் ஊரில் இருக்கிறது.

சொந்த நிலையம் என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2009 ஏப்ரலில் பிஜியில் அரசியலமைப்பை ரத்து செய்து செய்தி அறைகளுக்குத் தணிக்கை அதிகாரிகளை அனுப்பினார்கள். அந்த ஈஸ்டர் ஞாயிறு மாலை, பிஜி டிவியில் ஆறு மணிச் செய்தி இல்லை என்று ஓர் அறிவிப்பு மட்டும் வந்தது. ஊரே புரிந்துகொண்டது. 2010-ல் போட்ட ஊடகச் சட்டம் 2023-ல்தான் நீக்கப்பட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: செய்தி நின்றது என்று ஊருக்குத் தெரிந்ததே, ஊருக்கென்று ஒரு செய்தி இருந்ததால்தான்.

அதே பெட்டி ஊரை எப்படிச் சேர்த்து உட்கார வைக்கும் என்பதற்கு 2016-ஐச் சொல்ல வேண்டும். ரியோ ஒலிம்பிக், ரக்பி செவன்ஸ் இறுதிப் போட்டி, பிஜி நேரத்துக்கு ஆகஸ்ட் 12 காலை. கடைகள் மூடிக்கிடந்தன. டிவி இருந்த வீட்டுக்கு ஊர் வந்தது. பிரிட்டனை 43-7 என்று வென்று, நாடு தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாக வாங்கியது. பரிசளிப்பில் வீரர்கள் ஒவ்வொருவராக முட்டிபோட்டுக் கைதட்டி, பிஜிய முறைப்படி பதக்கத்தை வாங்கிக்கொண்டார்கள். லண்டனில் பார்த்தவருக்கு அது புதுக் காட்சி. அங்கே ஒவ்வொரு வீட்டிலும், பெரியவர் கையால் எதையும் வாங்கும்போது செய்வது அது.

இன்டர்நெட் இருக்கிறதே என்றீர்கள். 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் ஹுங்கா எரிமலை கடலுக்கடியில் வெடித்தது. பிஜிக்குப் போகும் 827 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் அறுந்தது. அது திரும்பி வர ஐந்து வாரம் ஆனது. வெளித்தீவுகளுக்குப் போகும் உள்நாட்டுக் கேபிளுக்கு ஒன்றரை ஆண்டு. நாட்டுக்கே வெளியுலகம் இல்லாத நாட்களில், எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், சாம்பலை எப்படிக் கூட்டித் தள்ளலாம் என்று டோங்கா மொழியில் சொல்ல உள்ளூர் வானொலி இருந்தது. மலைமேல் இருக்கும் சொந்த டிரான்ஸ்மிட்டருக்கு வெளிநாட்டுக் கேபிள் வேண்டாம். டீசலும் ஒரு ஆளும் போதும். இப்போது ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இன்டர்நெட் பல தீவுகளுக்கு வந்துவிட்டது, நல்லதுதான். அது வழியை அகலமாக்கும். அந்த வழியில் அனுப்ப நாண்ட்ரோங்காவிலிருந்தும் தராவாவிலிருந்தும் என்ன இருக்கிறது என்பது, கேமராக்காரருக்குச் சம்பளமும் வெளித்தீவுக்குப் போகப் படகுக்கூலியும் தர யார் முன்வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. உதவி செய்ய நினைக்கும் நாடு என்னிடம் கேட்டால், இன்னொரு சேனல் வேண்டாம், அந்த இரண்டு செலவையும் பத்து ஆண்டுக்கு எழுதிக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.